பூஞ்சைத் தொற்று பதிவேட்டை மூடாதீங்க: தர்மபுரி, கிருஷ்ணகிரியில இருந்து ஒரு திறந்த மடல்

மாநில சுகாதாரத் துறையில முடிவெடுக்கற இடத்துல இருக்கறவங்களுக்கும், எங்க ஆய்வுக்கு நிதி கொடுத்துட்டு இப்ப நிறுத்தச் சொல்லியிருக்கற குழுவுக்கும்,

தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் உடம்புக்குள்ள ஊடுருவிப் பரவற பூஞ்சைத் தொற்று யாருக்கு வருது, எந்த ஊர்க்காரங்களுக்கு வருது, எத்தன நாள் கழிச்சு கண்டுபிடிக்கறாங்க, என்ன மருந்து கிடைக்குது, பொழைக்கறாங்களா இல்லயான்னு நாங்க எழுதிட்டு வர்ற பதிவேட்ட இந்த நிதியாண்டோட மூடிடணும்னு உங்க கடிதம் வந்திருக்கு. காரணம் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லியிருக்கீங்க, இங்க கேஸ் எண்ணிக்கை கம்மி, அதனால இந்த மாவட்டங்களுக்கு இது முன்னுரிமை இல்லன்னு. அந்தக் காரணம் தப்புங்க. எண்ணிக்கை கம்மியா இருக்கறது நோய் கம்மியா இருக்கறதால இல்ல, பார்க்கறவங்க கம்மியா இருக்கறதால. பார்க்கற அந்த கொஞ்ச பேரையும் எடுத்துட்டா அடுத்த வருஷம் எண்ணிக்கை பூஜ்யமாத்தான் வரும், அப்ப அதையே காட்டி நீங்க எடுத்த முடிவு சரின்னு யாராவது ஃபைல்ல எழுதிடுவாங்க. அதுக்கு முன்னாடி நான் பார்த்தத எழுதி வெச்சிடணும்னுதான் இந்த மடல்.

நான் பாலக்கோடு பக்கம் கிராமத்துல பொறந்தவ, மைக்ரோபயாலஜி படிச்ச டாக்டர். லேப்ல உக்காந்து ஸ்லைடு பார்க்கறது பாதி வேலைன்னா, அந்த ஸ்லைடு எந்த வீட்டுல இருந்து வந்துச்சுன்னு தேடிப் போறது மீதி வேலை. பென்னாகரம், அரூர், சித்தேரி மலை, ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டின்னு ரெண்டு மாவட்டத்துலயும் இதுக்காக அலைஞ்சிருக்கேன். கீழ சொல்ற ஆளுங்க எல்லாம் நெஜம்தான், குடும்பத்துக்கிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன், அடையாளம் தெரியாத மாதிரி ஊரையும் வேலையையும் மாத்தியிருக்கேன்.

தக்காளி லோடு ஏத்தற டெம்போ டிரைவர் ஒருத்தர், நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், சுகர் இருக்குன்னு தெரியும் ஆனா மாத்திரைய இஷ்டத்துக்கு போடுவாரு, நிறுத்துவாரு. மொதல்ல மேல்வரிசைப் பல்லு வலி. பல்லு ஆடுதுன்னு புடுங்கிட்டாங்க. அப்புறம் ஒரு பக்கம் மட்டும் மூக்கடைப்பு, கன்னத்துல வீக்கம், பக்கத்து ஊர் கிளினிக்ல சைனஸ்னு சொல்லி ஆன்டிபயாடிக்கும் வீக்கம் குறைய ஸ்டீராய்டு ஊசியும் போட்டுருக்காங்க. சுகர் ஏறிக் கெடக்கற உடம்புல ஸ்டீராய்டு போனா இந்தப் பூஞ்சைக்கு கதவத் திறந்து விட்டதா ஆயிடும், ஆனா அந்த கிளினிக்ல சுகர்கூட பார்க்கல. இமை கீழ இறங்கி, பார்க்கறதெல்லாம் ரெண்டு ரெண்டா தெரிய ஆரம்பிச்ச பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தாரு, அங்க இருந்து இன்னொரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. என் கைக்கு அவரோட சாம்பிள் வர்றப்ப அண்ணத்துல கருப்பு விழுந்து ஒரு கண்ணுல பார்வை போயிடுச்சு. அவங்க வீட்டம்மா என்கிட்ட கேட்டது, பல்லு வலின்னுதானே மேடம் போனோம், கண்ணு எப்படி போச்சு?

இந்த மியூகர்மைக்கோசிஸ்ல, அதாவது கருப்பு பூஞ்சை நோய்ல, என்ன நடக்குதுன்னு உங்கள்ல டாக்டரா இருக்கறவங்களுக்கு தெரியும், இல்லாதவங்களுக்காக சொல்றேன். மண்ணுலயும் அழுகின காய்லயும் தூசியிலயும் இருக்கற பூஞ்சை விதை மூக்கு வழியா எல்லாருக்கும்தான் போகுது, எதிர்ப்பு சக்தி இருக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகறதில்ல. சுகர் கட்டுப்பாட்டுல இல்லாதவங்க, ரத்தப் புற்றுநோய் உள்ளவங்க, ஸ்டீராய்டு நிறைய எடுத்தவங்க, இவங்க உடம்புல அது முளைச்சு நேரா ரத்தக் குழாய்க்குள்ள புகுந்துடுது. குழாய் அடைச்சுக்கும், சதை செத்துப்போய் கருப்பாகும். ரத்தமே போகாத இடத்துக்கு மருந்தும் போகாது, அதனால வெட்டி எடுக்கணும், கூடவே ஆம்போடெரிசின்ங்கற பூஞ்சை மருந்த ஏத்தணும், சுகர இறக்கணும், மூணும் ஒரே நேரத்துல நடக்கணும். ரத்தப் புற்றுநோயாளிகள வெச்சு 2008ல வந்த ஒரு ஆய்வுல, நோய் தெரிஞ்ச பிறகு மருந்த 6 நாளோ அதுக்கு மேலயோ தாமதமா ஆரம்பிச்சவங்கள்ல 12 வாரத்துக்குள்ள இறந்தவங்க 82.9 சதவீதம், சீக்கிரம் ஆரம்பிச்சவங்கள்ல 48.6. ஆறு நாள்ங்கறது எங்க பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில இருந்து இன்னொரு ஆஸ்பத்திரிக்கு சீட்டு மாறறதுக்குள்ளயே போயிடுது.

அந்த டிரைவரோட சதைத் துண்டு என்கிட்ட வந்தது ஒரே பாட்டில்ல, பார்மலின்ல. பார்மலின்ல போட்டா பூஞ்சை செத்துடும், அப்புறம் கல்ச்சர்ல வளராது, எந்த வகைன்னு சொல்ல முடியாது. ஒரு துண்ட பார்மலின்லயும் ஒரு துண்ட சாதா சலைன்லயும் போட்டு அனுப்புங்கன்னு சொல்றதுக்கு காசே தேவையில்ல, ஆனா எத்தன தடவ சொன்னாலும் டூட்டி மாறினதும் மறந்து போகுது, ஏன்னா எங்கயும் அது விதியா எழுதப்படல. சலைன்ல வந்தா ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்ல வெச்சா அன்னைக்கே தெரிஞ்சிடும். அகலமா, உள்ள தடுப்பு ஏறக்குறைய இல்லாம, செங்கோணத்துல கிளை பிரிஞ்சிருந்தா மியூகர் வகை. ஒல்லியா, தடுப்போட, சாய்வா பிரிஞ்சிருந்தா ஆஸ்பெர்ஜில்லஸ்ங்கற இன்னொரு பூஞ்சை பக்கம். இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்னா ஆஸ்பெர்ஜில்லசுக்கு மொதல்ல கொடுக்கற வோரிகோனசோல் மியூகர்கிட்ட வேலை செய்யாது. ரிப்போர்ட்ல வெறும் பூஞ்சை இருக்குன்னு மட்டும் வந்து, தப்பான மருந்து ஓடி, குடும்பம் கடன் வாங்கிக் கட்டின பணமெல்லாம் வீணாப் போனத நான் பார்த்திருக்கேன். இந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஸ்லைடு, அதாவது கேஓஹெச் ஸ்லைடுங்கறது நம்மகிட்ட இருக்கறதுலயே மலிவான டெஸ்ட். அதுக்குக்கூட ராத்திரியில, ஞாயித்துக்கிழமையில ஆள் கிடையாது.

2021 கோவிட் ரெண்டாவது அலை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மே மாசம் 20ந்தேதி மியூகர்மைக்கோசிஸ தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம் 1939ன் கீழ அறிவிக்க வேண்டிய நோயா அறிவிச்சீங்க, நல்ல முடிவு, அன்னைக்கும் சொன்னேன் இன்னைக்கும் சொல்றேன். ஜூலை மூணாவது வாரத்துல நாடாளுமன்றத்துல மத்திய அரசு சொன்ன கணக்குப்படி நாடு முழுக்க 45,374 பேரு, இறந்தவங்க 4,332. டிவியைத் திறந்தா அதேதான். ஜூன்ல ஆம்போடெரிசினுக்கு ஜிஎஸ்டியே இல்லாம பண்ணாங்க. அலை ஓஞ்சதும் தினமும் எண்ணிக்கை கேட்டு வந்த போன் நின்னுது, அதோட நோயும் போயிடுச்சுன்னு எல்லாரும் நம்பிட்டாங்க.

போகலீங்க. கோவிடோட வந்ததும் இல்ல. 2020 செப்டம்பர்ல இருந்து டிசம்பர் வரைக்கும், அதாவது ரெண்டாவது அலைக்கு முன்னாடியே, இந்தியாவுல 16 ஆஸ்பத்திரிங்க சேர்ந்து எழுதின கணக்குல 287 மியூகர் நோயாளிங்க. அதுல 187 பேருக்கு கோவிட் தொடர்பு. மீதி 100 பேருக்கு கோவிடே இல்ல. அந்த நூறு பேரப் பத்தி யாருமே பேசல. சுகரோட, கிட்னி மாத்து சிகிச்சையோட, புற்றுநோயோட அவங்க கோவிடுக்கு முன்னாடியும் வந்தாங்க, இன்னைக்கும் வந்துகிட்டு இருக்காங்க. சண்டிகர்ல பூஞ்சை நோய்கள ஆராய்ச்சி பண்ண டாக்டர் அருணாலோக் சக்ரபர்த்தி மாதிரி ஆளுங்க கோவிட்ங்கற பேரே இல்லாத காலத்துல இருந்து இதத்தான் சொல்லிட்டு வந்தாங்க, உலகக் கணக்கவிட இந்தியாவுல இந்த நோய் ஏறக்குறைய 70 மடங்கு, பத்து லட்சம் பேருக்கு 140 பேருன்னு அவங்க போட்ட மதிப்பீடு. 2011 சென்சஸ் படி தர்மபுரி 15 லட்சம், கிருஷ்ணகிரி கிட்டத்தட்ட 18.8 லட்சம். பெருக்கிப் பாருங்க, 470க்கு மேல வருது. இது கம்ப்யூட்டர் மாடல்ல போட்ட மதிப்பீடுதான், தலை எண்ணின கணக்கில்ல, நம்ம ரெண்டு மாவட்டத்துக்கு இது பத்துல ஒரு பங்குதான் பொருந்தும்னே வெச்சுக்கங்க, அப்பவும் நீங்க கம்மின்னு எழுதின எண்ணிக்கைய அது தாண்டிடுது. மாடல் சரியா தப்பான்னு சொல்றதுக்கு இருக்கற ஒரே வழி ஊர் ஊரா எண்ணறதுதான், அந்த வேலையத்தான் நிறுத்தச் சொல்றீங்க.

எண்ணிக்கை எங்க காணாம போகுதுன்னும் சொல்றேன், ஏன்னா இது சென்னையில உக்காந்து பார்த்தா தெரியாது. ஓசூர்ல இருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். தளி, தேன்கனிக்கோட்டை, சூளகிரி ஆளுங்களுக்கு சீரியஸ்னா ஆம்புலன்ஸ் வடக்கதான் திரும்பும். அங்க போய் நோய் தெரிஞ்சா அது கர்நாடகா கணக்கு, பொணமா திரும்பி வந்தா எந்தக் கணக்கும் இல்ல. பென்னாகரம், நல்லம்பள்ளி ஆளுங்க தொப்பூர் இறங்கி சேலம் போவாங்க, அங்க பதிஞ்சா சேலம் கணக்கு. ஊத்தங்கரை பக்கம் ஒரு பகுதி வேலூர் போகும். எங்கயும் போக முடியாதவங்க வீட்டுலயே சாவாங்க, சுகர் முத்திப்போச்சு, காய்ச்சல் மூளைக்கு ஏறிடுச்சுன்னு ஊர்ல சொல்லிட்டு எரிச்சிடுவாங்க. இதெல்லாம் போக மிச்சம் இருக்கறவங்கதான் உங்க மேஜைக்கு வந்த எண்ணிக்கை. எங்க பதிவேடு ஒண்ணுதான் நோயாளிய ஆஸ்பத்திரி இருக்கற ஊர்ல எழுதாம அவங்க வீடு இருக்கற ஊர்ல எழுதுச்சு. அதனாலதான் அது இந்த மாவட்டத்துக்கு வேணும்.

மியூகர் மட்டும்னு நெனச்சிடாதீங்க, எனக்கு இதவிட பெரிய கவலை நுரையீரல்.

அரூர் பக்கம் செங்கல் சூளையில வேலை பார்த்த ஒரு அம்மா. டிபி வந்து ஆறு மாச மருந்த ஒரு நாள் விடாம சாப்பிட்டு முடிச்சவங்க. ரெண்டு வருஷம் கழிச்சு இருமல், எடை குறையுது, சளியில ரத்தம். எக்ஸ்ரேல மேல்பக்கம் பழைய குழி இருக்கு, சளி டெஸ்ட்ல கிருமி இல்ல, இருந்தாலும் டிபி திரும்பியிருக்கும்னு மறுபடி மருந்து. அது முடிஞ்சும் ரத்தம் நிக்கல, மறுபடி மருந்து. எனக்கு இந்த டிபி போயே போகாதா சாமின்னு கேட்டாங்க. அவங்களுக்கு டிபி எப்பவோ போயிடுச்சு. டிபி விட்டுட்டுப் போன குழிக்குள்ள ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை உருண்டையா வளர்ந்திருந்துச்சு, ஸ்கேன்ல பார்த்தா தெளிவா தெரியுது, ரத்தத்துல ஆஸ்பெர்ஜில்லஸ் ஐஜிஜி டெஸ்ட், அதாவது அந்தப் பூஞ்சைக்கு எதிரா உடம்பு உண்டாக்கின எதிர்ப்புப் பொருளப் பார்க்கற டெஸ்ட், பாசிட்டிவ். இதுக்கு இட்ராகோனசோல்ங்கற பூஞ்சை மருந்த குறைஞ்சது ஆறு மாசம் கொடுக்கணும். இதுல இன்னொரு கொடுமை, டிபி மருந்துல இருக்கற ரிஃபாம்பிசின் இட்ராகோனசோல ரத்தத்துல நிக்கவே விடாது, ரெண்டையும் சேத்துக் கொடுத்தா பூஞ்சை மருந்து கொடுத்தும் கொடுக்காத மாதிரிதான். அதனால சந்தேகத்துக்கு ரெண்டையும் கொடுத்துப் பார்ப்போம்னும் இருக்க முடியாது, எதுன்னு கண்டுபிடிச்சே ஆகணும்.

இந்த நாள்பட்ட ஆஸ்பெர்ஜில்லஸ் நோய் இந்தியாவுல சுமார் 17 லட்சம் பேருக்கு இருக்கலாம்னு 2022ல வந்த மதிப்பீடு சொல்லுது, எய்ம்ஸ் டாக்டருங்களும் சண்டிகர் பிஜிஐ, மான்செஸ்டர் ஆளுங்களும் சேர்ந்து போட்டது. நம்ம மாநிலம் டிபி சாவ குறைக்கணும்னு 2022ல காசநோய் இறப்பில்லா திட்டம் கொண்டு வந்துச்சு, மோசமான நிலையில இருக்கற டிபி நோயாளிய மொதல் நாளே தனியா பிரிச்சு அட்மிட் பண்றோம், அது எவ்வளவு நல்ல வேலைன்னு பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன். அவ்வளவு பாடுபட்டு காப்பாத்தின அதே ஆளு நாலு வருஷத்துல ரத்தமா துப்பி செத்தா அத யாரும் எழுதறதில்ல, டிபி முடிஞ்சு போன கேஸ்னு இருக்கும். அந்த ஐஜிஜி டெஸ்ட் எங்க ரெண்டு மாவட்டத்துல பதிவேட்டோட காசுல மட்டும்தான் நடந்துச்சு. பதிவேடு போனா அதுவும் போச்சு.

ஐசியு பத்தி சுருக்கமா சொல்லிடறேன். இந்தியாவுல 27 ஐசியுல 2011, 2012ல எடுத்த கணக்குல ரத்தத்துல கேண்டிடாங்கற ஈஸ்ட் வகைப் பூஞ்சை வந்தவங்க 1,400 பேரு, ஆயிரம் அட்மிஷனுக்கு 6.51. அதெல்லாம் பெரிய ஊரு ஆஸ்பத்திரிங்க. இப்ப நம்ம மாதிரி மாவட்டத்துலயும் வென்டிலேட்டர், டயாலிசிஸ், குறைமாசக் குழந்தைகளுக்கு வார்டு எல்லாம் வந்துடுச்சு, வந்தது ரொம்ப நல்லது, ஆனா பெரிய ரத்தக் குழாய்ல போடற டியூபான சென்ட்ரல் லைன் போற இடத்துக்கெல்லாம் கேண்டிடாவும் போகும். 2009ல ஜப்பான்ல மொத தடவ விவரிச்ச கேண்டிடா ஆரிஸ் டெல்லி நோயாளிங்க ரத்தத்துல இருக்கறதா நாலே வருஷத்துல ஆய்வு வந்துச்சு, பெரும்பாலும் ஃப்ளூகோனசோல் மருந்துக்கு அடங்காது, பெட்டுலயும் தட்டுலயும் ஒட்டிக்கிட்டு அடுத்த நோயாளிக்கு போகும். சாதா லேப்ல பார்த்தா வேற பேர்ல ரிப்போர்ட் வரும். எங்க பக்கம் ரிப்போர்ட்ல ஈஸ்ட் வளர்ந்துச்சுன்னு மட்டும் எழுதி அனுப்பறத நான் இன்னைக்கும் பார்க்கறேன், எந்த ஈஸ்ட்னு கேட்டா அடுத்த வாரம் பாருங்கம்பாங்க, அதுக்குள்ள குழந்தை இருக்காது.

அப்புறம் வயல். இத சுகாதாரத் துறைகிட்ட ஏன் சொல்றேன்னு கேக்கலாம். பாலக்கோடு தக்காளிக்கும் கிருஷ்ணகிரி மாமரத்துக்கும் ஓசூர் ரோஜாவுக்கும் அடிக்கற பூஞ்சைக் கொல்லிங்கள்ல டெபுகோனசோல், ஹெக்சாகோனசோல், டிஃபெனோகோனசோல்னு வரிசையா இருக்கு. ஆஸ்பத்திரியில நாங்க கொடுக்கற இட்ராகோனசோல், வோரிகோனசோல் எல்லாம் அதே குடும்பம். மண்ணுல இருக்கற ஆஸ்பெர்ஜில்லஸ் இந்த மருந்துக்கு பழகிட்டா, அத மூச்சுல இழுத்த ஆளுக்கு எங்க மாத்திரை கேக்காது. நெதர்லாந்துல இது பெரிய பிரச்சனையாகி பல வருஷம் ஆச்சு, இந்தியாவுலயும் 2012லயே டெல்லி ஆய்வாளருங்க வயல் மண்ணுல, பூந்தொட்டியில இருந்து இப்படி மருந்துக்கு அடங்காத வகைய எடுத்துக் காட்டினாங்க. எங்க ரெண்டு மாவட்டத்து மண்ண பார்க்கறதுக்கு அடுத்த வருஷத் திட்டத்துல எழுதியிருந்தோம். இதச் சொன்னதும் விவசாயி மேல பழியப் போட்டுடாதீங்க, தக்காளி விலை எந்த வாரம் எப்படி விழும்னு தெரியாத ஆளு கடைக்காரர் சொன்ன மருந்த அடிக்கறாரு, எங்கப்பாவும் அடிச்சாரு. அவங்களுக்குத்தான் மொதல்ல தெரியணும், ஏன்னா அந்த மண்ணுத் தூசிய மூச்சுல இழுக்கறது அவங்கதான்.

மருந்து விஷயத்துக்கு வர்றேன். லிப்போசோமல் ஆம்போடெரிசின் 50 மில்லிகிராம் குப்பியில வருது. கிலோவுக்கு 5 மில்லிகிராம் கணக்குன்னா 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 300, அதாவது 6 குப்பி, அதுவும் வாரக்கணக்குல ஏத்தணும். வெளிய வாங்கினா ஒரு குப்பியே ஆயிரக்கணக்குல. பழைய சாதா ஆம்போடெரிசின் மலிவுதான், ஆனா கிட்னிய அடிக்கும், சுகர்ல ஏற்கனவே பாதி கிட்னி போனவங்களுக்கு அத ஏத்தறது எவ்வளவு கஷ்டமான முடிவுன்னு வார்டுல இருக்கறவங்களக் கேளுங்க. மருந்து ஏன் ஸ்டாக் இல்லன்னு நான் கேக்கறப்பல்லாம் வர்ற பதில், போன வருஷம் எவ்வளவு செலவாச்சுன்னு கணக்கு இருந்தாத்தான் இந்த வருஷம் மருந்து கேட்டு இண்டென்ட் போட முடியும்னு. கணக்கு எங்க இருக்கு? எங்க பதிவேட்டுல இருக்கு. அந்த டிரைவரோட வீட்டுல மொத ரெண்டு நாள் மருந்துக்கு தாலிக்கொடி போச்சு, மூணாவது நாளுக்கு ஆடு போச்சு.

தர்மபுரிக்காரங்களுக்கு எண்ணறதோட அருமை தெரியும். எங்க தண்ணியில ஃப்ளோரைடு இருக்கறது தலைமுறை தலைமுறையா பல்லுல காவியா, வளைஞ்ச காலா தெரிஞ்சுகிட்டுதான் இருந்துச்சு, ஊர்ல அத விதின்னுட்டாங்க. கெணறு கெணறா, போர் போரா தண்ணிய எடுத்து அளந்து, பள்ளிக்கூடப் பிள்ளைங்க பல்லப் பார்த்து எழுதி வெச்ச பிறகுதான் அது ஒரு அரசாங்கப் பிரச்சனையாச்சு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் 2013ல ரெண்டு மாவட்டத்துக்கும் வந்துச்சு. அளக்காம இருந்திருந்தா யாருக்கு எவ்வளவு தண்ணி வேணும்னு யார் கணக்குப் போட்டிருப்பாங்க? அதே மாதிரி மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல இதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலதான் தொடங்குச்சு. இன்னைக்கு சுகர், பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருது. அந்தத் திட்டத்துல வேலை பார்க்கற அக்காங்க வீடு வீடா போய் யாருக்கு சுகர் இருக்குன்னு எழுதி வெச்சிருக்காங்க, பூஞ்சை யாரை மொதல்ல புடிக்கும்ங்கறதுக்கு அதவிட நல்ல பட்டியல் உலகத்துல எந்த ஆராய்ச்சியாளருக்கும் கிடைக்காது. அந்தப் பட்டியலையும் எங்க பதிவேட்டையும் சேர்த்து வெச்சுப் பார்க்கலாம்னு நாங்க கேட்டது இன்னும் பதில் இல்லாம கெடக்கு.

உலக சுகாதார நிறுவனம் 2022 அக்டோபர்ல மொத தடவையா முன்னுரிமை கொடுக்க வேண்டிய பூஞ்சைங்கன்னு 19 பூஞ்சைங்களோட பட்டியல் போட்டுச்சு. நான் மேல சொன்ன ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டசும் கேண்டிடா ஆரிசும் அதுல மேல் வரிசை, மியூகர் வகைங்க அடுத்த வரிசை. அந்த அறிக்கை அரசாங்கங்ககிட்ட மொதல்ல கேக்கறதே கண்காணிப்பையும் லேப் வசதியையும் பலப்படுத்துங்கன்னுதான். 2024ல மான்செஸ்டர் பூஞ்சை நோய் நிபுணர் டேவிட் டென்னிங் போட்ட கணக்குப்படி உலகத்துல வருஷத்துக்கு 65 லட்சம் பேருக்கு இந்த மாதிரி தொற்று, 38 லட்சம் சாவு, அதுல 25 லட்சம் நேரடியா பூஞ்சையால. உலகம் எண்ண ஆரம்பிக்கற நேரத்துல நாம எண்ணறத நிறுத்தறோம்.

நான் கேக்கறத நேரடியா எழுதிடறேன்.

பதிவேட்ட மூடச் சொன்ன கடிதத்த திரும்ப வாங்கிக்கங்க. இன்னும் மூணு வருஷத்துக்கு, இப்ப இருக்கற ரெண்டு லேப் டெக்னீஷியனையும் ஊருக்குள்ள போற ஒரு கள ஆளையும் வெச்சு நடத்த விடுங்க. என் சம்பளம் இதுல இல்ல, வேற இடத்துல இருந்து வருது, என்னை மாத்திட்டு வேற ஆளப் போட்டாலும் சரி, வேலை நிக்கக் கூடாது. முடிவு முடிவுதான்னு சொன்னா, எத்தன கேஸ் இருந்தா கம்மி இல்லன்னு நீங்க வெச்சிருக்கற அளவு என்ன, அந்த அளவ எப்படி முடிவு பண்ணீங்கன்னு எழுத்துல சொல்லுங்க.

மியூகர் மட்டும் இல்லாம உடம்புக்குள்ள பரவற எல்லா பூஞ்சைத் தொற்றையும், கோவிட் இருந்தாலும் இல்லாட்டியும், அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி ரெண்டும் தெரிவிக்கணும்னு ஆணை போடுங்க. நோயாளியோட சொந்த ஊர் அந்தப் படிவத்துல கட்டாயம் இருக்கணும். பெங்களூருல பதியற கிருஷ்ணகிரி ஆளுங்க கணக்கு நமக்கு வர்றதுக்கு கர்நாடகா சுகாதாரத் துறைக்கு நீங்கதான் எழுத முடியும், நான் எழுதினா யாரும் பதில் போடறதில்ல.

ரெண்டு மாவட்டத்துலயும் தலைக்கு ஒரு இடத்துலயாவது கேஓஹெச் ஸ்லைடு ராத்திரி, லீவு நாளு எல்லாம் நடக்கணும். பயாப்ஸி எடுத்தா ஒரு துண்டு பார்மலின், ஒரு துண்டு சலைன், இது சுற்றறிக்கையா ஆபரேஷன் தியேட்டர் சுவத்துல ஒட்டணும். ரத்தத்துல ஈஸ்ட் வளர்ந்தா எந்த வகைன்னு சொல்ற லேபுக்கு அன்னைக்கே சாம்பிள் அனுப்ப வண்டி வசதி வேணும்.

டிபி மருந்து முடிச்சவங்களுக்கு இருமலோ சளியில ரத்தமோ திரும்ப வந்து, சளி டெஸ்ட்ல கிருமி இல்லன்னு வந்தா, மறுபடி டிபி மருந்து எழுதறதுக்கு முன்னாடி ஆஸ்பெர்ஜில்லஸ் ஐஜிஜியும் ஸ்கேனும் எடுக்கணும்னு மாவட்ட காசநோய் மையங்களுக்கு சொல்லுங்க, டெஸ்ட் கிட்ட அரசே வாங்கிக் கொடுங்க. லிப்போசோமல் ஆம்போடெரிசின் ரெண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரு இடத்துல இருப்பு வெக்கணும், நோயாளி வந்த பிறகு கேட்டு எழுதற வழக்கம் வேணாம், மொத மூணு நாள் மருந்து கையில இருந்தா போதும், அதுக்குள்ள மிச்சத்த வரவழைச்சிடலாம்.

மக்களைத் தேடி மருத்துவத்துல போற அக்காங்களுக்கு அரை நாள் பயிற்சி போதும். சுகர் இருக்கறவங்களுக்கு ஒரு பக்கம் மட்டும் முகம் வீங்கினா, மூக்குல கருப்பா வந்தா, காரணமில்லாம மேல்பல்லு ஆடினா, ரெண்டு ரெண்டா தெரிஞ்சா அன்னைக்கே 108ல ஏத்தி அனுப்பணும்னு சொல்லிக் கொடுக்கணும். பயிற்சிய நாங்களே நடத்தறோம், காசு வேணாம், அனுமதி மட்டும் கொடுங்க. வேளாண் துறை, தோட்டக்கலைத் துறையோட சேர்ந்து மண்ணுல மருந்துக்கு அடங்காத ஆஸ்பெர்ஜில்லஸ் இருக்கான்னு பார்க்கற வேலையையும் திட்டத்துல திரும்ப சேருங்க.

பதிவேட்டுல இருக்கற விவரம் முழுசும், பேரும் முகவரியும் எடுத்துட்டு, உங்க மேஜைக்கு எப்ப வேணும்னாலும் கொண்டு வந்து காட்டத் தயாரா இருக்கேன். அதப் பார்க்காம முடிவு எடுக்காதீங்க. நிதியாண்டு மார்ச் 31ல முடியுது, அதுக்கு முன்னாடி ஒரு தேதி கொடுங்க, அந்தக் கூட்டத்துக்கு நோயாளி குடும்பங்கள்ல இருந்து ரெண்டு பேரையும் கூப்பிடுங்க, அங்க பேசினத எழுதி வெளியிடுங்க.

இப்படிக்கு,
தர்மபுரி மாவட்டத்துல இருந்து,
பதிவேட்ட நடத்தற மைக்ரோபயாலஜி டாக்டர்